ஏற ஓர் ஆறு, இறங்க ஓர் ஆறு

காடு, மலை, ஆறு மூன்றும் சேர்ந்த நிலத்தில் சைக்கிளில் சில நாள் சுற்றிவர ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?" என்பதுதான். நான் உடனே திருப்பிக் கேட்பேன்: "எத்தனை முகடு தாண்டப் போகிறீர்கள்?" சமவெளியில் கிலோமீட்டர் கணக்கு சரி. மலைநாட்டில் அது கைகொடுக்காது. ஒரே ஆற்றின் கரையோடு 90 கி.மீ. ஓட்டிவிட்டு, மாலையில் இன்னும் தெம்பு மிச்சமிருக்கக் கூடாரம் அடித்திருக்கிறேன். மூன்று பள்ளத்தாக்குகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலையில் 35 கி.மீ. முடிப்பதற்குள் பொழுது சாய்ந்ததும் உண்டு.

தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள். வழிகாட்டும் பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர் வைத்தவர்கள் நாம். பல வருடம் மலைச்சாலைகளில் ஓட்டிய பிறகு அந்த இரண்டு பொருளும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டால், எந்தச் சாலை எளிது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ராத்திரி எங்கே தங்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே முதல் பயணத்துக்கு நான் சொல்லும் வடிவம் எளிமையானது. ஓர் ஆற்றோடு ஏறுங்கள். ஒரே ஒரு முகட்டைத் தாண்டுங்கள். இன்னோர் ஆற்றோடு இறங்குங்கள். மூன்று நாள் போதும்.

வரைபடத்தில் முதலில் தண்ணீர்

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் போட்ட வரைபடம் ஒன்றைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனில் பார்ப்பது அப்புறம். ஒரு நீலப் பென்சிலும் ஒரு பழுப்புப் பென்சிலும் வேண்டும். முதலில் சாலைகளை மறந்துவிட்டு, ஓடைகளையும் ஆறுகளையும் மட்டும் நீலத்தில் இழுங்கள். சம உயரக் கோடு ஓர் ஓடையைக் கடக்கும்போது அம்புமுனை போல வளையும். அந்த முனை எப்போதும் ஓடை வரும் பக்கத்தை, அதாவது மேட்டைக் காட்டும். அப்புறம் இரண்டு ஓடைகளுக்கு நடுவே உள்ள உயரமான முதுகை எல்லாம் பழுப்பில் இழுங்கள். கால்மணி நேர வேலை. முடிந்ததும் அந்த நிலம் ஒரு இலையின் நரம்பு போலத் தெரியும்.

இப்போது நீங்கள் போக நினைக்கும் சாலையை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். விரல் பழுப்புக் கோட்டைக் கடக்கும் ஒவ்வோர் இடமும் ஓர் ஏற்றத்தின் உச்சி. நீலக் கோட்டைக் கடக்கும் ஒவ்வோர் இடமும் ஓர் இறக்கத்தின் அடி. பழுப்பு, நீலம், பழுப்பு, நீலம் என்று மாறி மாறி வந்தால் அந்தச் சாலை நிலத்தின் போக்குக்குக் குறுக்கே ஓடுகிறது. அன்றைக்குக் கிலோமீட்டரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நீலத்தை ஒட்டியே போனால் ஆற்றுச்சாலை. பழுப்பின் மேலேயே போனால் முகட்டுச்சாலை. முகட்டுச்சாலையில் காட்சி அபாரமாக இருக்கும், ஆனால் தண்ணீர் கிடைக்காது. மேலே ஏறும்போதே அன்றைய தண்ணீர் முழுவதையும் சுமக்க வேண்டும்.

ஆற்றுச்சாலை என்றால் தட்டையாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பக்கத்திலிருந்து வந்து சேரும் ஓடைகள். சாலை ஆற்றைவிட 40, 50 மீட்டர் உயரத்தில் போனால், ஒவ்வோர் ஓடைக்கும் கீழே இறங்கிப் பாலம் தாண்டி மறுபடி ஏறும். ஒரு ஓடைக்கு 40 மீட்டர் ஏற்றம், அன்றைக்குப் பதினைந்து ஓடை என்று வைத்தால் 600 மீட்டர். அது ஒரு முழுக் கணவாய்க்குச் சமம், உச்சி ஏறிய திருப்திகூட இல்லாமல். இரண்டாவது, ஆற்றின் வளைவு. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை அறுத்துச் செங்குத்தாக்கும், உட்கரையில் மணலைக் கொட்டித் தட்டையாக்கும். வெளிக்கரையில் சாலை இருந்தால் பாறைச் சுவரைத் தவிர்க்க மேலே ஏறித்தான் ஆகவேண்டும். இரண்டு கரையிலும் சாலை இருக்கிற பள்ளத்தாக்கில், எந்த வளைவில் எந்தக் கரை நல்லது, மாறுவதற்குப் பாலம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது என் பழக்கம். பெரும்பாலும் ஒரு கரையில் லாரி ஓடும் பெரிய சாலை இருக்கும், எதிர்க்கரையில் பழைய சின்னச் சாலை இருக்கும். ஐந்தாறு கி.மீ. சுற்றினாலும் சின்னச் சாலையையே எடுங்கள்.

வரைபடத்தில் பழைய ரயில் பாதை தென்பட்டால் விடாதீர்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தில் ஏற முடியாது. அதனால் ரயில் பாதை போட்டவர்கள் ஆற்றின் கூடவே போய், 2 சதவீதத்துக்கு அதிகம் தாண்டாத சரிவைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருந்தால் அதைவிட நல்ல மலையேற்றம் கிடையாது.

காட்டுக்குள் போகும் மண்சாலைகளில் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட சாலை ஓரளவு மட்டான சரிவில், கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும். நடைபாதையாக இருந்து அகலமான பாதை நேராக மேலே ஏறும். பாரம் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி புள்ளிக் கோடாக இருக்கலாம். சம உயரக் கோடுகளை ஒட்டி வளைந்து போகிறதா, அவற்றைச் செங்குத்தாக வெட்டிப் போகிறதா என்று பார்த்தால் எது எது என்று புரிந்துவிடும். லாரிச் சாலையை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை நாளில் ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். தீப்பிடிக்கும் காலம், வேட்டைக்காலம், விலங்குகள் இடம்பெயரும் காலம் என்று பல காடுகளில் சாலையை மூடுவார்கள். கிளம்பும் வாரத்தில் அந்த வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

எந்த ஆற்றில் ஏறுவது?

ஆறு தன் பாதையில் மேலே செங்குத்தாகவும் கீழே போகப்போக மட்டமாகவும் இருக்கும். இது கிட்டத்தட்ட எல்லா ஆற்றுக்கும் பொது. ஏறுகிறவருக்கு இதன் அர்த்தம்: முதல் 30 கி.மீ. சுகமாக இருக்கும், கடைசி 8 கி.மீ.தான் உண்மையான ஏற்றம். காலையில் உற்சாகத்தில் வேகமாக ஓட்டிவிட்டு, தலைப்பகுதிக்கு வரும்போது காலில் ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் திட்டத்தில் முதல் நாளை, செங்குத்து தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே முடித்துவிடுங்கள். இரண்டாம் நாள் காலையில் புதுக் காலோடு முகட்டைத் தாண்டலாம். பிற்பகலில் இடிமழை பிடிக்கும் மலைகள் அதிகம், அதற்குள் நீங்கள் மறுபக்கம் இறங்கியிருப்பீர்கள்.

முகட்டின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அமெரிக்காவில் அலெகெனி மலைகளைக் கடக்கும் கிரேட் அலெகெனி பாசேஜ் என்ற பழைய ரயில் பாதையை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். மொத்தம் 240 கி.மீ. தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரியும் நீர்ப்பிரி முகடு 729 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு முனையான கம்பர்லாண்ட் பக்கத்திலிருந்து வந்தால் சுமார் 38 கி.மீ. தூரத்துக்குள் 540 மீட்டர் ஏற வேண்டும். மறுமுனையான பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்தால் கிட்டத்தட்ட அதே உயரம் 200 கி.மீ. நீளத்துக்கு மெலிதாகப் பரவிக் கிடக்கிறது. ஏறுகிறோம் என்பதே தெரியாது. பாரத்தோடு போகும்போது நீளமான பக்கத்தில் ஏறி, குட்டையான பக்கத்தில் இறங்குவதையே நான் விரும்புவேன், இறங்கும் பக்கம் நல்ல தார்ச்சாலையாக இருந்தால். கரடுமுரடான மண்சாலையாக இருந்தால் திசையை மாற்றிவிடுங்கள். செங்குத்தான சரளையில் பாரத்தோடு இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். அதே பாதையில் பிக் சாவேஜ் என்று சுமார் ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் கதவை மூடிவிடுவார்கள். சுரங்கம், படகுத்துறை, தொங்குபாலம் மாதிரி ஒரே ஒரு இடத்தை நம்பி உங்கள் பாதை இருந்தால், அது திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏற்றமே பிடிக்காது என்கிறவர்கள் இறங்கும் ஆற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டான்யூப் நதியோரம் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை போகும் 300 கி.மீ.க்கு மேற்பட்ட பாதை இந்த வகை. காடு அடர்ந்த குன்றுகளுக்கு நடுவே, ஷ்லோகன் என்னும் இடத்தில் நதி கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிப் பின்னோக்கி வளைகிறது. மலை சுற்றி நின்றாலும் சைக்கிள்காரர் தண்ணீர் மட்டத்திலேயே போய்விடலாம்.

போன் காட்டும் ஏற்றத்தை நம்புவது பற்றி

பாதைத் திட்டச் செயலிகள் மொத்த ஏற்றம் இவ்வளவு என்று ஒரு எண் கொடுக்கும். காட்டிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் அந்த எண்ணைச் சந்தேகத்தோடு பாருங்கள். பல செயலிகள் பயன்படுத்தும் உயரத் தகவலின் அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பறந்து ரேடாரில் எடுத்த அளவீடு. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரை வரைக்கும் போகவில்லை. மரத்தின் மேல்பகுதியைத் தரையாக எண்ணிக்கொண்டது. சாலை காட்டுக்குள் நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் இல்லாத மேடு ஒன்று முளைக்கும். மலையிடுக்கில் சாலைக்கோடு சில மீட்டர் தள்ளிப் பாறையின் மேல் விழுந்தாலும் அப்படித்தான். சுரங்கம் என்றால் இன்னும் மோசம், சுரங்கத்துக்கு மேலே உள்ள மலையை நீங்கள் ஏறிக் கடப்பதாகக் கணக்குப் போட்டுவிடும். 25 சதவீதம் என்று ஊசி போல ஒரு முனை தெரிந்தால் பயப்படாமல் காகித வரைபடத்தில் சம உயரக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால் சரிவு. 5 கி.மீ.க்கு 300 மீட்டர் என்றால் 6 சதவீதம்.

நேரக் கணக்குக்கு நான் வைத்திருக்கும் விதி இது. பாரத்தோடு தார்ச்சாலையில் மணிக்கு 15 கி.மீ. என்று முதலில் கணக்கிடுவேன். அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுவேன். 60 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும் சேர்ந்து ஐந்தரை மணி. சாப்பாடு, ஓய்வு, பஞ்சர், வேடிக்கை பார்ப்பது எல்லாம் இதற்கு மேலே. சரளை மண்சாலை என்றால் 15க்குப் பதில் 10 போட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் எதை மாற்ற வேண்டும்

புதுச் சைக்கிள் வேண்டாம். இருக்கிற சைக்கிளில் கியரை மட்டும் முதலில் பாருங்கள். நீங்கள் 75 கிலோ, சைக்கிள் 15, பை 15 என்று வைத்தால் 105 கிலோ. 6 சதவீத ஏற்றத்தில், நிமிடத்துக்கு 70 சுற்று பெடல் மிதிப்பதாக எடுத்துக்கொள்வோம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு சைக்கிள் ஏறக்குறைய 2.7 மீட்டர் நகரும். அந்த வேகத்தைத் தாங்க உங்கள் கால் சுமார் 215 வாட் கொடுக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது அபூர்வம். முன்னால் 24, பின்னால் 34 என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர், வேகம் மணிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேல், தேவைப்படுவது 125 வாட். இதை ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே செய்யலாம். முழங்காலும் பிழைக்கும்.

பல கியர்களுக்காக வாதாடிய பிரெஞ்சுக்காரர் பால் தெ விவி (1853–1930), வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். சைக்கிள் பயணம் என்ற ஒன்றையே பலருக்குக் கற்றுத் தந்தவர் அவர். அவர் காலத்தில் கியர் மாற்றுவதைப் பலவீனமாக நினைத்தார்கள்; தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றிக்கு அனுமதி வந்ததே 1937இல்தான். மலைப்பாதைக்குச் சின்ன கியர் போட வெட்கப்படுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம்.

டயர் 40 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மேலே சொன்ன எடைக்குப் பின் டயரில் 50 பிஎஸ்ஐ காற்றழுத்தம், முன் டயரில் 40 என்று தொடங்கி, சரளையில் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கல்லின் மேல் துள்ளாமல் அணைத்துப் போகும். பாரத்தை முழுவதும் பின் கேரியரில் கட்டாதீர்கள். ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி அங்குமிங்கும் அலையும், இறக்கத்தில் சைக்கிள் வாலாட்டும். கனமான சாமான்களை முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் ஓட்டம் அடங்கிவிடும். ரிப்பேர்ச் சாமான்களில் ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், செயின் இணைப்பு எல்லாரும் எடுப்பார்கள். நான் கூடுதலாக எடுப்பது ஒரு ஜோடி பிரேக் கட்டை, பின்சக்கரத்தின் செயின் பக்கத்துக்குப் பொருந்தும் மூன்று ஸ்போக்ஸ் கம்பி. கம்பி உடைந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் உடையும், அங்கேதான் இழுவிசை அதிகம்.

ஏறுவது, இறங்குவது

ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். மூக்கால் மூச்சு விட முடிகிற அளவு மெதுவாகத் தொடங்குங்கள். கொண்டை ஊசி வளைவில் உட்பக்கம் செங்குத்தாக இருக்கும். வண்டி வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்து ஏறலாம். பசிப்பதற்கு முன் சாப்பிடு, தாகம் எடுப்பதற்கு முன் குடி என்பது வெலோசியோ சொன்ன அறிவுரை. நூறு வருடம் ஆகியும் இதற்கு மேல் யாரும் நல்லதாகச் சொல்லவில்லை. நான் அரைமணிக்கு ஒரு தடவை எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிப்பேன்.

உச்சியில் இரண்டு வேலை. உடம்பு சூடாக இருக்கும்போதே, குளிரவில்லை என்றாலும், காற்று புகாத சட்டையைப் போடுங்கள். ஆயிரம் மீட்டருக்கு சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும், வியர்வை நனைந்த உடம்போடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. இரண்டாவது, வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள். பள்ளத்தாக்கில் போன் சிக்னல் இருக்காது, முகட்டில்தான் கிடைக்கும். இன்று எங்கே தங்குகிறேன், நாளை எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்று இரண்டு வரி போதும்.

இறக்கத்தில் உங்கள் பிரேக் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 105 கிலோ 500 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே மெதுவாக இறங்கினால் அவ்வளவும் பிரேக்கிலும் ரிம்மிலும்தான் சூடாகத் தேங்கும். நேரான இடத்தில் விட்டுவிடுங்கள், காற்று கொஞ்சம் வேகத்தைத் தின்னட்டும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக நிற்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக் வேண்டாம். நேராக விட முடியாத செங்குத்து என்றால் நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். அப்படி நிறுத்துவதில் ஒரு நன்மையும் உண்டு, காட்டைப் பார்க்கலாம்.

காட்டுச் சாலைக்கென்று சில வழுக்கல்கள் உண்டு. வெயில் படாத பக்கத்தில் பாசி. வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவில் மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் சாலை காய்ந்திருக்காது. வளைவின் உட்பக்கத்தில் லாரிகள் ஒதுக்கிய சரளை. ஈர இலைக்குவியல். மரப்பலகைப் பாலம் நனைந்திருந்தால், பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கும் பெடலும் தொடாமல் நேராக உருண்டு போங்கள். பலகை நீளவாக்கில் பதித்திருந்தால் இடைவெளியில் டயர் மாட்டும், இறங்கித் தள்ளிவிடுங்கள். இன்னொன்று, வெயிலிலிருந்து திடீரென்று மர நிழலுக்குள் நுழையும்போது ஓரிரு நொடி குழி கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடியை இறக்கத்தில் கழற்றிவிட்டு, வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

காற்றுக்கும் நேரம் உண்டு

வானம் தெளிந்த நாளில் பள்ளத்தாக்கின் காற்று ஒரு ஒழுங்கோடு வீசும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி அங்கே காற்று மேலெழும், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கின் வழியாக மேலே இழுக்கப்படும். முற்பகலில் தொடங்கி மாலை வரை இது பலமாக இருக்கும். இரவில் சரிவு குளிர்ந்து, காற்று ஆற்றோடு கீழே இறங்கும். ஆகவே ஆற்றோடு இறங்குகிற நாளில் விடிந்ததும் கிளம்பினால் காற்று முதுகில் இருக்கும். பத்து மணிக்குக் கிளம்பினால் இறக்கத்தில்கூட மிதித்துக்கொண்டே போகவேண்டும். முகட்டைத் தாண்டாமல் ஆற்றோடு மட்டும் ஏறுகிற நாளில் அவசரமில்லை, பிற்பகல் காற்று உங்களைத் தள்ளிவிடும். மேகமூட்டமான நாளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

ஆற்றோரம் தங்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில் தவறு செய்திருக்கிறேன். ஒரு கோடையில் ஆற்று நடுவே வெள்ளை வெளேரென்று கிடந்த மணல்திட்டில் கூடாரம் அடித்தேன். வானம் முழுக்க நட்சத்திரம். ராத்திரி ஒரு மணி சுமாருக்கு விழிப்பு வந்தது. முதலில் காரணம் புரியவில்லை. ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. சலசலப்பு போய், அடியில் யாரோ கல்லைக் கல்லோடு மோதுவது போல 'டக், டக்' என்று கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், மாலையில் அடிமண் தெரிந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடுகிறது, மேலே சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றன. நான் இருந்த இடத்தில் ஒரு துளி மழை இல்லை. மேலே எங்கோ மலைத்தலையில் பெய்திருக்கிறது. சைக்கிளையும் பைகளையும் இரண்டு நடையாகக் கரையேற்றினேன். இரண்டாவது நடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே இருந்தது. கூடாரத்தின் இரண்டு முளைகளை அங்கேயே விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது: மணல்திட்டில் தங்குவதில்லை. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் கரையோரமும் தங்குவதில்லை, தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பது மழையைப் பொறுத்தது அல்ல. இடம் தேடும்போது முதலில் மரங்களைப் பார்ப்பேன். கிளைகளில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கும் உயரம்தான் பழைய வெள்ளத்தின் உயரம். அதற்கு மேலே, ஆற்றிலிருந்து 30, 40 மீட்டர் உயரத்தில், சரிவில் ஒரு தட்டையான இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. வெள்ளத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர் போலவே கீழே வடிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். கரையில் படுத்தவர் பனியில் நனைந்து நடுங்கி எழுந்திருப்பார், சற்று மேலே படுத்தவர் சில டிகிரி சூட்டோடு உலர்ந்த கூடாரத்தில் எழுந்திருப்பார். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியை மட்டும் விலக்குங்கள்.

சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். விலங்குகள் தண்ணீருக்கு வரும் தடம் இருந்தால் அங்கிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள். அவை விடியலிலும் அந்தியிலும் வரும், அந்த இரண்டு நேரத்திலும் காட்டுச் சாலையில் ஓட்டாமல் இருப்பதே உத்தமம். காற்றுக்காக விடியலில் கிளம்பச் சொன்னேன் அல்லவா, பெரிய விலங்குகள் உள்ள காட்டில் நன்றாக வெளிச்சம் வரும் வரை பொறுங்கள். மாலையில் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2000 மீட்டர் உயரத்துக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். கையில் எடுத்துப் போகும் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைப் பெரும்பாலும் தடுக்காது. வயலுக்கும் ஆலைக்கும் கீழே ஓடும் தண்ணீரில் உள்ள ரசாயனம் கொதித்தாலும் போகாது. அதனால் பெரிய ஆற்றைவிட, காட்டிலிருந்து நேராக இறங்கும் பக்க ஓடையில் பிடிப்பதே நல்லது. நீலப் பென்சிலில் இழுத்த கோடுகள் இங்கே மறுபடி உதவும். எந்த ஓடைக்கு மேலே ஊர் இல்லை என்று வரைபடத்திலேயே தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. தூங்கப் போவதற்கு முன் ஆற்றுக்குப் போய், தண்ணீர் மண்ணைத் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பாருங்கள். குச்சி அதே விளிம்பில் நின்றால் சரி, காற்று திரும்புவதற்குள் கிளம்பிவிடுங்கள். குச்சி தண்ணீருக்குள் நின்றாலோ, காணாமல் போயிருந்தாலோ, இறங்கி ஓடையைக் கடக்கும் பாதையை அன்றைக்கு விட்டுவிட்டுப் பாலம் உள்ள சாலையை எடுங்கள்.